கோஸ்டா ரிக்கா, ஆகஸ்டில் 12 நாள்: இந்தப் பயணத் திட்டம் சரிவருமா?

குறிஞ்சிவாசி:

வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரம் கோஸ்டா ரிக்கா போகிறோம். நான், மனைவி, அப்பா (66), அம்மா (61). காட்டுயிர் பார்ப்பதுதான் நோக்கம், கடற்கரை ஓய்வெல்லாம் வேண்டாம். பயண நிறுவனம் அனுப்பிய திட்டத்தில் தங்கும் இரவுகள் இப்படி இருக்கின்றன: சான் ஹோசே 1, டோர்டுகேரோ 1, அரேனல் 2, மான்டேவெர்டே 2, மானுவல் அன்டோனியோ 1, டிரேக் 2 (இதில் ஒரு பகல் கோர்கோவாடோ தேசியப் பூங்கா), சான் ஜெரார்டோ டி டோட்டா 1, கடைசியில் சான் ஹோசே 1.

கடலாமை, குவெட்சால் (மலைக்காட்டுப் பறவை), டேபிர் (பன்றி போன்ற உடலும் குட்டித் துதிக்கை போன்ற மூக்கும் கொண்ட பெரிய விலங்கு) மூன்றையும் பார்க்க ஆசை. இந்தத் திட்டத்தில் நடக்குமா? கோர்கோவாடோ அப்பா அம்மாவுக்கு ஒத்துவருமா? பைனாக்குலர் 8×42 வாங்குவதா, 10×42 வாங்குவதா?

ஈரக்காடு:

வணக்கம் நண்பரே. 11 இரவில் எட்டு இடம் என்றால் காட்டில் இருப்பதைவிட வண்டியில் இருப்பதுதான் அதிகமாகும். கோஸ்டா ரிக்காவை வரைபடத்தில் பார்த்தால் சின்ன நாடுதான். ஆனால் நடுவில் மலைத்தொடர் ஓடுவதால் சாலைகள் வளைந்து வளைந்து போகின்றன. ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் அரைநாள் போய்விடும். போவதும் சரியாக விடியற்காலையும் முன்பகலும்தான். அங்கே வருடம் முழுக்கக் காலை ஐந்தரை வாக்கில் விடிந்து, மாலை ஆறுக்கெல்லாம் இருட்டிவிடும். விலங்கும் பறவையும் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்த மூன்று நான்கு மணி நேரம், பிறகு இருட்டுவதற்குக் கொஞ்சம் முன். அந்த நேரத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தால் என்ன பார்க்க முடியும்?

எந்த மாதம் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். டோர்டுகேரோவில் பச்சைக் கடலாமை ஜூலை முதல் அக்டோபர் வரை முட்டையிட வரும், ஆகஸ்ட் நல்ல உச்சம். பசிபிக் பக்கம் அப்போது மழைக்காலம். பெரும்பாலும் முன்பகல் வெளுத்து, பிற்பகலில் கொட்டும். கோர்கோவாடோவுக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை. (அக்டோபர் என்றால் போகவே வேண்டாம் என்றிருப்பேன்.) குவெட்சால்தான் சிக்கல். அது கூடுகட்டுவது தோராயமாக மார்ச் முதல் ஜூன் வரை. அதன்பின் ஆண்பறவையின் நீண்ட வால் இறகுகள் உதிர்ந்துவிடும், பறவையும் பழம் இருக்கிற இடம் தேடி மலைச்சரிவில் நகர்ந்துவிடும். ஆகஸ்டில் மான்டேவெர்டேயில் அதை நம்பி இரண்டு இரவு போடுவது வீண். டோட்டா பள்ளத்தாக்கில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அங்கேயும் காட்டு அவகாடோ இனமான 'அகுவகாட்டீயோ' மரம் எங்கே பழுத்திருக்கிறது என்று தெரிந்த உள்ளூர் கைடு இருந்தால்தான் கைகூடும். குவெட்சால் வராவிட்டாலும் அந்த உயரத்துத் தேன்சிட்டுகளுக்காகவே, நம் ஊர்த் தேன்சிட்டு இல்லை, ஹம்மிங்பேர்டு, டோட்டா போகலாம்.

என் கணக்கு: சான் ஹோசே 1, டோர்டுகேரோ 3, டோட்டா 2, டிரேக் 3, கோர்கோவாடோவுக்குள் சிரேனா வனக்காவலர் நிலையத்தில் 1, சான் ஹோசே 1. அரேனல், மான்டேவெர்டே, மானுவல் அன்டோனியோ மூன்றையும் விட்டுவிடுங்கள். மானுவல் அன்டோனியோ பூங்கா செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஒரே இரவு ஒதுக்கி, அது செவ்வாயில் மாட்டினால் அந்த இடமே போச்சு. டோட்டா, தெற்கே போகும் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே இருப்பதால் டிரேக் போகிற வழியிலேயே வந்துவிடும். சுமார் 2,200 மீட்டர் உயரம், இரவில் குளிரும். பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

ஆமைக்கரை:

டோர்டுகேரோ பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு இரவு போதவே போதாது. அங்கே சாலை கிடையாது. லா பவோனா படகுத்துறை வரை வண்டி, பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகு. ஒரு இரவு என்றால் வருவதும் போவதுமே வேலையாகிவிடும். மழை கொட்டினால் மாற்று இரவும் இருக்காது. நாட்டிலேயே அதிக மழை பெய்யும் பகுதிகளில் அது ஒன்று.

ஆமை பார்ப்பது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றம் வராது. இரவில் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் கடற்கரையில் கால் வைக்கக் கூடாது. நேரம் இரண்டு பிரிவு: 8 முதல் 10 வரை, 10 முதல் 12 வரை. எது கிடைக்கிறதோ அதுதான். கேமரா, செல்போன், டார்ச் எதுவும் எடுத்துப்போக முடியாது. கறுப்பு அல்லது அடர்நிற உடை, கால்மூடிய செருப்பு. கரையில் ஆமையைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் தனியாக இருப்பார்கள். அவர்கள் ரேடியோவில் சொல்லும்வரை நீங்கள் கரைக்குப் பின்னால் இருட்டில் காத்திருக்க வேண்டும். கரையேறும் ஆமை வெளிச்சமோ அசைவோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிக் கடலுக்குப் போய்விடும். அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

பெரும்பாலும் முட்டை விழ ஆரம்பித்த பிறகுதான் பின்பக்கமாக அழைத்துப்போவார்கள். கைடு சிவப்பு வெளிச்சம் காட்டுவார். பின் துடுப்புகள் இரண்டும் மாறி மாறிக் குழிக்குள் இறங்கி, கிண்ணம்போல் குவிந்து மணலை அள்ளி வெளியே வைப்பதை, முட்டையிடுவதற்குச் சற்று முன்பே கூப்பிட்டால் பார்க்கலாம். பிறகு வழவழப்பான வெள்ளை முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழும், ஒரு குழிக்கு நூறுக்கு மேல். மூடும்போது முன் துடுப்பால் மணலை வீசி அடிக்கும், தள்ளி நில்லுங்கள். மணலில் நடை கொஞ்சம் கடினம், அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் எந்தப் பகுதிக் கரை, எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

காலை ஆறு மணிக்குக் கால்வாய்ப் படகு. துடுப்புப் படகோ மின்மோட்டார் படகோ கேட்டு வாங்குங்கள். என்ஜின் சத்தத்தில் நீர்நாயும் பறவையும் மறைந்துவிடும்.

குறிஞ்சிவாசி:

மிக்க நன்றி இருவருக்கும். நிறுவனத்திடம் திட்டத்தை மாற்றச் சொல்கிறேன். சிரேனாவில் இரவு தங்கித்தான் ஆகவேண்டுமா? பகலில் போய்வந்தால் பெற்றோருக்கு எளிதாக இருக்காதா?

ஒசா_பாதை:

பகல் பயணத்தில் சிரேனாவில் கிடைப்பது நாலைந்து மணி நேரம், அதுவும் வெயில் ஏறும் நேரத்தில். டேபிர் பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகும் விடியலிலும் நடமாடும் விலங்கு. பகலில் பாதையோரச் சேற்றில் படுத்துத் தூங்குவதைச் சில கைடுகள் கண்டுபிடித்துக் காட்டுவார்கள், ஆனால் அது அதிர்ஷ்டம். இரவு தங்கினால் மாலை ஒரு நடை, விடியலில் ஒரு நடை கிடைக்கும். கோஸ்டா ரிக்காவின் நான்கு குரங்கினங்களும் (ஹவ்லர், சிலந்திக் குரங்கு, வெண்முகக் கபுச்சின், அணில் குரங்கு) அந்தச் சுற்றுப்புறத்திலேயே உண்டு.

பெரியவர்களைப் பொறுத்தவரை சிரேனாவைச் சுற்றிய பாதைகள் பெரும்பாலும் சமதளம், நடை பிரச்சினை இல்லை. கஷ்டம் படகில்தான். டிரேக்கிலிருந்து திறந்த கடலில் ஒரு மணி நேரத்துக்கு மேல், முதுகு குலுங்கும். இறங்கும்போது துறை கிடையாது. படகோட்டி இரண்டு அலைக்கு நடுவில் சொல்லும்போது முழங்கால் அளவுத் தண்ணீரில் சட்டென்று இறங்க வேண்டும். இடுப்பு, முதுகுத் தொந்தரவு இருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி இருந்தால் நீங்கள் இருவர் மட்டும் சிரேனா போங்கள், அப்பா அம்மா டிரேக் விடுதியிலேயே இருக்கட்டும். ஆகஸ்டில் அங்கே தெற்கிலிருந்து வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இருக்கும். கடல் அமைதியான காலையில் அவர்களுக்குத் திமிங்கிலப் படகு போதும்.

நடைமுறை: 2014 முதல் சான்றிதழ் பெற்ற கைடு இல்லாமல் கோர்கோவாடோவுக்குள் விடமாட்டார்கள். இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு. எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும் நுழைவில் தகராறு, அதனால் அனுமதிச் சீட்டின் நகலை வாங்கிச் சரிபாருங்கள். வெளிச் சாப்பாடும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் உள்ளே கூடாது, பையைத் திறந்து பார்ப்பார்கள். தங்குவது கொசுவலை போட்ட அடுக்குக் கட்டில், சாப்பாடு அங்கேயே முன்பதிவு செய்ய வேண்டும். சைவம் என்றால் பதிவின்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் சோறும் பீன்ஸும்தான்.

பறவைக்கண்:

பைனாக்குலர் 8×42 தான். இதில் 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மி.மீ. கணக்கில். கண்ணில் விழும் ஒளிவட்டம் 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ., 10-ஆல் வகுத்தால் 4.2. அடர்காட்டின் இருட்டிலும் விடியலிலும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பார்வைப் பரப்பும் அகலம், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். தூரத்துக்குக் கைடின் ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இருக்கிறது. கைடு ஸ்கோப் கொண்டுவருவாரா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஓட்டலின் தரத்தைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

ஏ.சி. அறையிலிருந்து எடுத்தவுடன் கண்ணாடி ஆவி பிடித்து, அரைமணி நேரம் எதுவும் தெரியாது. அந்த அரைமணியில்தான் எல்லாப் பறவையும் வரும். வெளியே கிளம்புமுன் பையை மூடியபடியே ஏ.சி. இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் பைக்குள் நிரந்தரமாக இருக்கட்டும். கொசு மருந்தில் 'டீட்' இருந்தால் கையைத் துடைக்காமல் பைனாக்குலரைத் தொடாதீர்கள், ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும். அதே கையால் தவளையைத் தொட்டால் அதன் தோல் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். படத்துக்காகத் தவளையைப் பிடித்து இலையில் வைக்கும் கைடு என்றால் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அப்பா அம்மாவிடம் அவசியம் சொல்ல வேண்டியது: பாலத்திலும் படிக்கட்டிலும் கைப்பிடியைப் பார்க்காமல் பிடிக்கக் கூடாது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள புல்லட் எறும்பு அதன்மேல் நடக்கும், கொட்டினால் வலி பல மணி நேரம் விடாது. இமைமுள் விரியன் பாம்பும் இடுப்பு உயரச் செடியில் சுருண்டிருக்கும். ரப்பர் பூட்ஸ் பல விடுதிகளில் இரவலாகத் தருவார்கள், அப்பாவின் கால் அளவை முன்பே எழுதி அனுப்புங்கள். பெரிய அளவு அங்கே சீக்கிரம் தீர்ந்துவிடும்.