மலையகத்திலிருந்து வந்த அப்பாயியிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி:
1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய என் அப்பாயிக்கு இப்போது 82 வயது. எந்த ஆண்டு என்று கேட்டாலே பேச்சை முடித்துவிடுகிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:
ஆண்டைக் கேட்காதீர்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியபோது இடுப்பில் எந்தப் பிள்ளை இருந்தது என்று கேட்டதும், என் பெரியம்மா தாயகம் திரும்பியோரைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கழித்த நாட்களை முழுவதுமாகச் சொன்னார். லயத்து அறை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறை), பெரட்டுக் களம் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்), பறித்த கொழுந்தை எடைபோட்ட இடம், வேலையை மேற்பார்த்த கங்காணியின் பெயர் என்று கேட்டுக்கொண்டே போனால் தோட்டத்தின் பெயரும் தானாக வெளிவரும்.

மற்றொரு பதில்:
பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

கேட்டவர்:
நேற்று கொடுத்தேன். நாங்கள் இதுவரை அறிந்திராத, அங்கேயே இறந்துபோன மூத்த பெண்பிள்ளையைப் பற்றிப் பேசினார். அவர் அழத் தொடங்கியதும் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டேன்.