பழைய விபி6 டிஎல்எல்: வெப் அப்ளிகேஷனிலிருந்து கூப்பிட்டால் மட்டும் டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை, உதவுங்கள்

நள்ளிரவு_டிபக்கர்:
வணக்கம் நண்பர்களே. ஏஎஸ்பி.நெட் அப்ளிகேஷன் ஒன்று. கணக்கிடும் வேலை முழுக்க ஒரு பழைய விபி6 டிஎல்எல்லில் (விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய 32-பிட் லைப்ரரி ஃபைல்) இருக்கிறது. அது ஓடிபிசி டிஎஸ்என் (எந்த டேட்டாபேஸ், எந்த டிரைவர் என்பதை ஒரு பெயரில் சேமித்த அமைப்பு) வழியாக எஸ்கியூஎல் சர்வருக்குப் போகும், விண்டோஸ் ஆதென்டிகேஷன் (ஓடும் அக்கவுன்ட்டின் பெயரிலேயே லாகின்). டிஎஸ்என் பெயர் டிஎல்எல்லுக்கு உள்ளேயே எழுதியிருக்கிறது, இப்போதைக்கு அதைத் திருத்தி கம்பைல் பண்ண வழியில்லை.

என் மெஷினில் ஒழுங்காக ஓடுகிறது. புது சர்வரில் ஐஐஎஸ்ஸில் (விண்டோஸின் வெப் சர்வர்) போட்டதும் முதலில் 80040154 ('கிளாஸ் நாட் ரெஜிஸ்டர்ட்') வந்தது. ஆப் பூலில் (ஐஐஎஸ்ஸில் அப்ளிகேஷன் ஓடும் புராசஸுக்கான அமைப்பு) 'எனேபிள் 32-பிட் அப்ளிகேஷன்ஸ்' என்பதை ட்ரூ ஆக்கினேன், அது போய்விட்டது. இப்போது ஐஎம்002, 'டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்'. டிஎஸ்என் இருக்கிறதே! சிஸ்டம் டிஎஸ்என்தான். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சக்சஸ் என்கிறது. ஃபயர்வால் தடுக்கிறதா?

சும்மா_ஒருவன்:
ஆப் பூலை லோக்கல் சிஸ்டத்தில் ஓட விடுங்க ப்ரோ, எல்லா பெர்மிஷனும் வந்துடும்.

பழையகோடு:
அதைச் செய்யாதீர்கள். வெப்பில் ஒரு ஓட்டை விழுந்தால் மெஷினே அடுத்தவன் கையில். தவிர, இது பெர்மிஷன் பிழையே இல்லை.

ஃபயர்வாலும் இல்லை. ஐஎம்002 வரும்போது பாக்கெட் இன்னும் மெஷினை விட்டே கிளம்பவில்லை. ஓடிபிசியின் டிரைவர் மேனேஜர் ரெஜிஸ்ட்ரியில் டிஎஸ்என் பெயரைத் தேடி, கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டது.

64-பிட் விண்டோஸில் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டர் இரண்டு உண்டு. இரண்டு ஃபைலுக்கும் ஓடிபிசிஏடி32 என்றே பெயர். சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64-பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32-பிட். (தலைகீழாகத்தான் இருக்கும், திட்டிக்கொண்டே பழகிவிட்டோம்.) நீங்கள் 64-பிட் பக்கம் சிஸ்டம் டிஎஸ்என் போட்டிருப்பீர்கள். உங்கள் ஆப் பூலோ இப்போது 32-பிட். அது பார்ப்பது ரெஜிஸ்ட்ரியில் 32-பிட்டுக்கான வாவ்6432நோட் கிளைக்குள் இருக்கும் ஓடிபிசி.ஐஎன்ஐ. அங்கே எதுவும் இருக்காது. டெஸ்ட் பட்டன் ஓடியது 64-பிட் பக்கம், அதுவும் உங்கள் லாகினில். அந்த சக்சஸை வைத்து வெப் அப்ளிகேஷனைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை நோண்டுவதற்கு முன், அந்தப் புராசஸ் எத்தனை பிட், எந்த அக்கவுன்ட் என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் டேபுக்குப் போய் 'பிளாட்ஃபார்ம்' என்ற நெடுவரிசையைச் சேர்த்தால் டபிள்யூ3டபிள்யூபி (ஆப் பூலின் புராசஸ்) வரியிலேயே இரண்டும் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் புராசஸ் மானிட்டர் டூலில் அந்தப் புராசஸை மட்டும் ஃபில்டர் பண்ணி, 'நேம் நாட் ஃபவுண்ட்' எந்த ரெஜிஸ்ட்ரி கீயில் விழுகிறது என்று பாருங்கள்.

நள்ளிரவு_டிபக்கர்:
சிஸ்வாவ்64 பக்கம் அதே பெயரில் சிஸ்டம் டிஎஸ்என் போட்டேன். பிழை மாறிவிட்டது சார்! இப்போது 18456, 'லாகின் ஃபெயில்டு'. யூசர் பெயர் இருக்கும் இடத்தில் எங்கள் வெப் சர்வரின் பெயரும் கடைசியில் ஒரு டாலர் குறியும். அப்படி ஒரு யூசரை யாருமே உருவாக்கவில்லையே?

பழையகோடு:
பிழை மாறியது நல்ல செய்தி, டேட்டாபேஸ் சர்வர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். டாலர் குறியோடு வருவது மெஷின் அக்கவுன்ட். ஆப் பூல் ஐடென்டிட்டி டீஃபால்ட்டில் இருந்தால், நெட்வொர்க்கில் வெளியே போகும்போது மெஷினின் பெயரில்தான் போகும். உங்கள் மெஷினில் ஓடியபோது உங்கள் சொந்த லாகின் போனது, அதனால் அங்கே பிரச்சினை தெரியவில்லை.

மெஷின் அக்கவுன்ட்டுக்கே லாகின் கொடுக்கலாம், வேலை நடக்கும். ஆனால் அந்த சர்வரில் டீஃபால்ட் ஐடென்டிட்டியில் ஓடும் மற்ற ஆப் பூல்களும் அதே கதவு வழியாக உள்ளே போகும். டொமைனில் தனி சர்வீஸ் அக்கவுன்ட் வாங்கி, ஆப் பூலை அதில் ஓட்டி, தேவையான டேபிள்களுக்கும் புரொசீஜர்களுக்கும் மட்டும் உரிமை கொடுங்கள். அதற்குப் பிறகும் 18456 வந்தால் எஸ்கியூஎல் சர்வரின் எரர் லாக்கைத் திறங்கள். கிளையன்ட்டுக்கு ஸ்டேட் 1 என்று மட்டுமே காட்டும். உண்மையான ஸ்டேட் எண்ணும் காரணமும் அந்த லாக்கில் இருக்கும்.

மூன்றாம்_அடுக்கு:
குறுக்கிடுகிறேன். டிஎல்எல் ஏதாவது ஃபைல் எழுதுகிறதா? இசட் டிரைவ் மாதிரி மேப் பண்ணிய பாதை இருந்தால் சர்வீஸ் அக்கவுன்ட்டுக்குத் தெரியாது. அடுத்த பிழை அங்கேதான் வரும்.

நள்ளிரவு_டிபக்கர்:
ஃபைல் எதுவும் எழுதுவதில்லை. சர்வீஸ் அக்கவுன்ட் மாற்றியதும் கனெக்ட் ஆகிவிட்டது, மிக்க நன்றி சார். ஒரே ஒரு உறுத்தல்: லோடு டெஸ்ட் ஓட்டும்போது எஸ்பி_ஹூ2-வில் (எஸ்கியூஎல் சர்வரின் கனெக்‌ஷன்களைப் பட்டியலிடுவது) 'ஸ்லீப்பிங்' வரிகள் ஏறிக்கொண்டே போகின்றன.

பழையகோடு:
கொஞ்சம் இருப்பது சகஜம், மறுபடி பயன்படுத்த கனெக்‌ஷன் பூலில் காத்திருக்கும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், டிஎல்எல் ஆப்ஜெக்டை டாட்நெட் பக்கம் யாரும் விடுவிக்கவில்லை என்று அர்த்தம். விபி6-இல் ரெஃபரன்ஸ் கணக்கு பூஜ்யமானதுமே கிளாஸ் டெர்மினேட் ஓடி கனெக்‌ஷனை மூடிவிடும். டாட்நெட்டிலோ பயன்படாத ஆப்ஜெக்ட்களை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் வரும்வரை அந்த ரெஃபரன்ஸ் உயிரோடிருக்கும். கூப்பிடும் இடத்தில் ஃபைனலி பிளாக்கில் மார்ஷல்.ரிலீஸ்காம்ஆப்ஜெக்ட் (அந்த ரெஃபரன்ஸை உடனே விடுவிப்பது) போடுங்கள். ஸ்டாட்டிக் வேரியபிளிலோ செஷனிலோ அந்த ஆப்ஜெக்ட் உட்கார்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.