மூன்றே வாக்குகள் கொண்ட வெர்மாண்ட்: விவரம் தேவை

சுங்கை சிப்புட்காரன்:
2024 நவம்பர் 6ஆம் தேதி காலை 8 மணிக்கு எங்கள் கடைத்தெரு உணவகத்தில் தோசைக்குக் காத்திருந்தபோது, தொலைக்காட்சியில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகள் ஓடின; வெர்மாண்ட் மாநிலம் ஜனநாயகக் கட்சியின் நீல நிறமானது. அங்கே வாக்களிப்பு முடிந்தவுடனேயே அக்கட்சியின் கமலா ஹாரிஸ் வென்றதாக அறிவித்துவிட்டார்கள். பால்மரம் வெட்டி ஓய்ந்த என் பெரியப்பா, "மூணு ஓட்டுக்கு இவ்வளவு அவசரமா?" என்றார். அந்த மூன்று என்ன கணக்கு? அம்மக்கள் என்றுமே ஜனநாயகக் கட்சிக்குத்தான் வாக்களிப்பவர்களா?

செம்பனைக் கணக்கர்:
தம்பி, அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மேலவையில் 2 பேர். கீழவை இடங்கள் மக்கள்தொகையைப் பொறுத்தவை. இரண்டையும் கூட்டினால் வருவதே அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் எண்ணிக்கை. வெர்மாண்டுக்குக் கீழவையில் ஒருவர்தான், ஆகவே 3. நம் மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்துக்கும் 3 நாடாளுமன்ற இடங்கள் உண்டு என்றாலும், கங்கார், ஆராவ், பாடாங் பெசார் ஆகியவை தனித்தனியே முடிவாகின்றன. வெர்மாண்டிலோ மாநிலம் முழுவதிலும் முந்துபவருக்கே மூன்றும் போய்விடும். 2020 கணக்கெடுப்பில் அங்கே 643,077 பேர். அதாவது ஒரு தேர்வாளருக்கு ஏறத்தாழ 214,000 பேர். கலிபோர்னியாவில் ஒரு தேர்வாளருக்கு 730,000 பேருக்கு மேல். அநியாயம் என்று சொல்லுமுன் நம் வீட்டுக் கூரையையும் பார்க்க வேண்டும்: 2022இல் பாங்கி நாடாளுமன்றத் தொகுதியில் 300,000க்கும் அதிகமான வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் 30,000கூட இல்லை.

பழைய நாளிதழ் பிரியன்:
இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை என்பதே. 1856 முதல் 1988 வரை, 1964இல் ஜனநாயகக் கட்சியின் ஜான்சனுக்கு வாக்களித்த ஒரே முறை தவிர, வெர்மாண்ட் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்தது. 1936இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளியபோது, மேய்னும் வெர்மாண்டும் மட்டுமே குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் பக்கம் நின்றன. அதே ஆண்டு மார்ச்சில், தங்கள் மாநிலத்தின் பச்சை மலைத்தொடர் நெடுகிலும் நடுவண் அரசின் பணத்தோடு சாலை அமைக்கும் திட்டத்தை வாக்கெடுப்பில் மறுத்தவர்கள் வெர்மாண்ட் மக்கள். எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதைக்குத் தார் போடச் சொல்லி நாங்கள் எழுதிய மனுக்களை நினைத்தால், அந்தப் பிடிவாதம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 1960களிலிருந்து வெளிமாநில இளைஞர்கள் வந்து குடியேறினார்கள். குடியரசுக் கட்சியும் தன் வேரை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நட்டது. பின்னதே பெரிய காரணம் என்பது என் எண்ணம். 1992 முதல் அதிபர் தேர்தலில் அம்மாநிலம் ஜனநாயகக் கட்சியை விட்டு விலகவில்லை. முன்கூட்டி அறிவிக்கும் துணிவு, வாக்காளர் கருத்தாய்வோடு இந்த வரலாறும் சேர்ந்து தருவதுதான்.

சுங்கை சிப்புட்காரன்:
நன்றி ஐயா. அப்படியானால் குடியரசுக் கட்சி அங்கே அழிந்துவிட்டதா?

பழைய நாளிதழ் பிரியன்:
எங்கே அழிந்தது! ஹாரிஸ் 63 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற அதே நாளில், குடியரசுக் கட்சி ஆளுநர் பில் ஸ்காட் 70 விழுக்காட்டைத் தாண்டி மீண்டும் வென்றார். 2022இல் நம் பேரா மாநிலத்தில் நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என நாம் இரண்டு சீட்டு வாங்கினோமே, அதுபோல அவர்கள் ஆளைப் பார்த்துப் பிரித்துப் போடுகிறார்கள். அந்த ஸ்காட்டே 2020இல் தம் கட்சியின் டிரம்பை விட்டுவிட்டு ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு வாக்களித்ததாக அன்றே செய்தியாளர்களிடம் சொன்னவர்.