ஒரே ஆடுகளத்தில் 24 குழந்தைகளுக்குக் கோடை டென்னிஸ் முகாம்

கேள்வி: மதுரையில் மே மாதம், 6 முதல் 10 வயது வரையிலான 24 குழந்தைகளுக்கு டென்னிஸ் முகாம் நடத்த எண்ணியுள்ளேன், கையில் இருப்பதோ ஒரே ஆடுகளம், பயிற்சியாளர்கள் இருவர். எப்படிச் சமாளிப்பது?

மறுமொழி 1: வழக்கமான மஞ்சள் பந்தை மறந்துவிடுங்கள். அதைவிட 75 விழுக்காடு வேகம் குறைந்த சிவப்புப் பந்தை வாங்கி, ஆடுகளத்தின் நடுவே நீளவாக்கில் வலைபோல் நாடா கட்டினால், ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள நான்கு சிறுகளங்கள் குறுக்கே கிடைக்கும். பத்து வயதினருக்கு, சிவப்பைவிடச் சற்று வேகமான ஆரஞ்சுப் பந்து பொருந்தும்.

மறுமொழி 2: காலை 6 முதல் 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். சென்ற ஆண்டு நான் எட்டரை வரை நீட்டித்தபோது, ஒரு சிறுமி விளக்குக் கம்பத்தின் மெல்லிய நிழலை விட்டு நகரவே மறுத்துவிட்டாள், தவறு என்னுடையதுதான்.

கேட்டவர்: நாடாவை எவ்வளவு உயரத்தில் கட்டுவது?

மறுமொழி 1: 80 சென்டிமீட்டர், நடுவில் தொய்யாமல் இழுத்துக் கட்டுங்கள்.