நைட்ரஜன் நிலைநிறுத்துற யூகேரியோட்டே இல்லைனு புக்ல இருக்கே, அப்ப நைட்ரோபிளாஸ்ட்?

வேர்முடிச்சு:
வணக்கம் எல்லாருக்கும். செமினாருக்கு நைட்ரஜன் சுழற்சி எடுத்திருக்கேன். நைட்ரஜன் நிலைநிறுத்தம் (காத்துல இருக்குற நைட்ரஜன அம்மோனியாவா மாத்துறது) புரோகேரியோட்டால (பாக்டீரியா மாதிரி, செல்லுல நியூக்ளியஸ் இல்லாத உயிரி) மட்டும்தான் முடியும், நியூக்ளியஸ் இருக்குற யூகேரியோட்டால முடியாதுனு புக்ல இருக்கு, அதையே ஸ்லைடுல போட்டாச்சு. நேத்து ராத்திரி வேற எதையோ தேடப்போய், ஒரு கடல் பாசிக்குள்ள நைட்ரோபிளாஸ்ட்னு புது ஆர்கனெல் (செல்லோட உள்ளுறுப்பு) இருக்குனு 2024ல சொல்லிருக்காங்கனு கண்ல பட்டுச்சு. ஸ்லைட மாத்தணுமா? இன்னொன்னு, பயறு வேர் முடிச்சுக்குள்ள ரைசோபியம் பாக்டீரியாவும் இதே வேலையத்தான பாக்குது, அத ஏன் யாரும் ஆர்கனெல்னு சொல்லல? சுத்தமா பிடிபடல.

லேப்கோட்:
புக்கையே நம்புங்க. இந்த மாதிரி நியூஸ் வாரத்துக்கு ஒன்னு வரும். ஒரு பாக்டீரியா பாசிக்குள்ள குடியிருக்கு, அவ்ளோதான். புதுப் பேர் வச்சா ஆர்கனெல் ஆயிடுமா?

பாசிப்பித்தன்:
@லேப்கோட் வெறும் பேர் வச்சதில்லைங்க, அதுக்குப் பின்னாடி இருபத்தஞ்சு வருஷ வேலை இருக்கு. ஜொனாதன் செர்னு ஒருத்தர் 1998ல பசிபிக் கடல் தண்ணில நைட்ரஜன் நிலைநிறுத்துற ஏதோ ஒரு சயனோபாக்டீரியாவோட (ஒளிச்சேர்க்கை பண்ற பாக்டீரியா வகை) டிஎன்ஏ துண்ட மட்டும் பாத்தார், உயிரி கைக்கு சிக்கல, அதுக்கு யூசின்-ஏனு பேர் வந்துச்சு. இன்னொரு பக்கம் ஜப்பான்ல கியோகோ ஹகினோ பத்து வருஷத்துக்கு மேல, முந்நூறு தடவைக்கு மேல கடல் தண்ணி எடுத்துட்டு வந்து ஒரு பாசிய லேப்ல வளர்க்கப் போராடிட்டு இருந்தாங்க, கடைசில பாத்தா யூசின்-ஏ குடியிருந்தது அந்தப் பாசிக்குள்ளதான்! (எனக்கு இந்தக் கதைல பிடிச்ச ஆள் இவங்கதான், நியூஸ்ல ஒரு வரில தாண்டிப் போயிடுறாங்க.)

அப்பவும் யாரும் ஆர்கனெல்னு சொல்லல, கூட்டுயிர்னுதான் (இன்னொரு உயிரியோட சேந்து வாழுற தனி உயிரி) சொன்னாங்க. 2024 ஏப்ரல்ல சயின்ஸ் இதழ்ல வந்த பேப்பர்லதான் விஷயம் மாறுச்சு, யூசின்-ஏவையே நைட்ரோபிளாஸ்ட்னு சொன்னாங்க. யூசின்-ஏக்குள்ள இருக்குற புரோட்டீன்ல கணிசமானது அதுவே செஞ்சது இல்ல, பாசியோட நியூக்ளியஸ்ல இருக்குற ஜீன்ல இருந்து வருது, அந்தப் புரோட்டீனோட வால்ல அட்ரஸ் ஒட்டுன மாதிரி ஒரு துண்டு இருக்கு, அதப் பாத்துதான் உள்ள போகுதுங்குறாங்க. பாசி செல் பிரியும்போது இதுவும் கூடவே கணக்கா ரெண்டாப் பிரிஞ்சு ஆளுக்கு ஒன்னுனு போயிடுது. அதோட ஜீனோம் (மொத்த டிஎன்ஏ) வெறும் 14 லட்சம் பேஸ் ஜோடிக்கிட்டதான், ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 46 லட்சம். தனியா விட்டா பிழைக்க முடியாது.

ரைசோபியம் அப்படி இல்ல. மண்ணுல ஜாலியா தனியா வாழும். விதை வழியா அடுத்த தலைமுறைக்குப் போறதும் இல்ல, ஒவ்வொரு செடியும் மண்ணுல இருந்து புதுசா சேத்துக்கணும். வாடகைக்கு இருக்குறவனுக்கும் வீட்டோட சுவராவே ஆயிட்டவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

செல்சுவர்:
மேல சொன்னது சரி, ஆனா கோடு அவ்ளோ நேரா இல்ல. பயறு குடும்பத்து மெடிகாகோ செடி தன் முடிச்சுல இருக்குற ரைசோபியத்துக்குள்ள பெப்டைட (குட்டிப் புரோட்டீன்) அனுப்பி அதத் திரும்பப் பெருகவே விடாம பண்ணிடுது, அப்ப புரோட்டீன் உள்ள போறத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதுல்ல. அசுவினிப் பூச்சிக்குள்ள இருக்குற புக்னெரா பாக்டீரியாவப் பாருங்க, ஜீனோம் 6 லட்சத்து சொச்சம்தான், தாய்கிட்ட இருந்து குட்டிக்குப் போகுது, அதையும் இன்னும் கூட்டுயிர்னுதான் சொல்றோம். யூசின்-ஏல இதெல்லாம் ஒன்னு சேந்து இருக்கு, அதான் கனம்.

வேர்முடிச்சு:
இப்ப புரியுது, ரொம்ப நன்றி. ஆனா ஒரு குழப்பம், நைட்ரஜன நிலைநிறுத்துற என்சைம் நைட்ரோஜினேஸோட ஜீன் எங்க இருக்கு? பாசியோட நியூக்ளியஸ்லயா?

பாசிப்பித்தன்:
இல்ல, யூசின்-ஏவோட சொந்த டிஎன்ஏலயேதான். அதனால ‘அப்ப வேலை செய்றது பாக்டீரியாதான, புக் சரிதான’னு யாராவது மடக்குவாங்க. குளோரோபிளாஸ்டும் ஒரு காலத்துல சயனோபாக்டீரியாதான், அதோட முக்கியமான ஜீன் சிலது இன்னும் அதுக்குள்ளயேதான் இருக்கு, அதுக்காக செடி ஒளிச்சேர்க்கை பண்ணலைனா சொல்றோம்னு திருப்பிக் கேளுங்க. மைட்டோகாண்ட்ரியா உள்ள வந்து 150 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, இது வந்து சுமார் 10 கோடி வருஷம்தான், அதான் இன்னும் பழைய மூட்டைய இறக்கி முடிக்கல.

இன்னொரு அழகான விஷயம், நைட்ரோஜினேஸுக்கு ஆக்சிஜன் ஆகாது, ஆனா யூசின்-ஏ பகல்லதான் நைட்ரஜன் நிலைநிறுத்துது. எப்படினா அதுகிட்ட ஒளித்தொகுதி இரண்டு (ஃபோட்டோசிஸ்டம் II, ஒளிச்சேர்க்கைல தண்ணிய உடைச்சு ஆக்சிஜன் விடுற பகுதி) கிடையவே கிடையாது, அதனால அதுவா ஆக்சிஜன் விடாது.

லேப்கோட்:
சரி, புரோட்டீன் மேட்டர் எனக்குத் தெரியாது, வாபஸ். ஸ்லைடுல ‘மட்டும்தான்’ங்குற வார்த்தைய எடுத்துட்டு அடுத்த ஸ்லைடுல இந்தப் பாசிய போடுங்க. நெல்லு கோதுமைக்கு இத வச்சுடலாமானு கண்டிப்பா கேள்வி வரும், ஆக்சிஜன் பிரச்சினையவே (ஒளிச்சேர்க்கைல செடி விடுற ஆக்சிஜன் நைட்ரோஜினேஸுக்கு ஆகாது) பதிலா வச்சுக்கோங்க.

வேர்முடிச்சு:
மாத்திட்டேன். பாசியோட பேர் பிராருடோஸ்பேரா பிகலோவை, இத எப்படிங்க தடுமாறாம சொல்றது?

செல்சுவர்:
‘பிகலோவை’ மட்டும் மூணு தடவ சொல்லிப் பாத்துட்டு ஏறுங்க, முதல் பாதி யாருக்கும் தெரியாது.