மூன்றரை மாதக் குதிரைக்குட்டி: முன்னங்குளம்பு ரெண்டும் ஒண்ணுபோல இல்லை

புல்தரை:
வணக்கம். எங்க பெண் குதிரைக்குட்டிக்கு மூன்றரை மாசம். முன்னங்குளம்பு ரெண்டும் ஜோடி மாறிப்போன செருப்பு மாதிரி இருக்கு. இடது அகலமா, படிஞ்சு இருக்கு. வலது குறுகலா, செங்குத்தா, குதி உசந்து இருக்கு. பிறந்தப்ப எடுத்த போட்டோவுல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. நொண்டல் இல்லை, நல்லா ஓடுது. லாடக்காரர் “வலது குதியை வெட்டி இறக்கிட்டா சமமாயிடும்”ங்கிறார். செய்யலாமா?

மண்வாசம்:
என் குட்டிக்கும் கால் கோணலாத்தான் இருந்துச்சு. ஒண்ணும் பண்ணலை, வளர வளர தானா சரியாச்சு.

அரமும்குறடும்:
மண்வாசம், உங்க குட்டிக்கு முன்னங்கால் வெளிப்பக்கம் திரும்பி இருந்திருக்கும். மார்பு அகலமாகும்போது அது பெரும்பாலும் நேராகிடும். இது வேற சங்கதி.

தம்பி, இப்போதைக்கு அரத்தைக் கையில எடுக்க விடாதீங்க. குட்டி மேயுறதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்க, எப்பவும் ஒரே காலைத்தான் முன்னால வைக்குதா? அப்புறம் கெட்டித் தரையில நிறுத்தி, வலது குதிக்கு அடியில ஒரு தாளைச் செருகிப் பாருங்க. குளம்புல இருக்கிற வளையக் கோடுகள் முன்பக்கத்தைவிட குதிப்பக்கம் அகலமா விரியுதான்னும் சொல்லுங்க.

ஏன் கேட்கிறேன்னா, குட்டிக்குக் கால் நீளம், கழுத்து குட்டை. புல் எட்டணும்னா ஒரு காலை முன்னாலயும் மறு காலைப் பின்னாலயும் அகட்டி வைக்கணும். சில குட்டிக்கு அதுவே பழக்கமாயிடும். நெதர்லாந்துல 24 குட்டிகளை ஒரு வருஷம் கவனிச்சு 2006-ல் வெளியிட்ட ஆய்வுல, கிட்டத்தட்ட பாதிக் குட்டிகள் இப்படி ஒரே காலையே முன்னால வச்சு மேய்ஞ்சிருக்கு. முன்னால போற குளம்பு படியும், பின்னால நிக்கிறது செங்குத்தாகும். குட்டிக் குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல வளரும். அதனால கெடுறதும் வேகம், திருத்தினா திரும்புறதும் வேகம்.

புல்தரை:
பார்த்துட்டேன் அண்ணே. எப்பவும் இடதுதான் முன்னால. கோடு குதிப்பக்கம் விரிஞ்சுதான் இருக்கு. தாள் லேசா உள்ளே போகுது.

அரமும்குறடும்:
தாள் போகுதுன்னா பழக்கத்தோட நிக்கலை, குளம்பு எலும்பைப் பின்னால இழுக்கிற தசைநாணும் இறுகியிருக்கு. இப்ப குதியை ஒரேயடியா வெட்டினா அது அந்தரத்துல தொங்கும், பாரமெல்லாம் நுனிக்குப் போகும். பார்வைக்குச் சமமாத் தெரியும், அவ்வளவுதான்.

கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுங்க, இந்த வாரமே. குளம்போட முன்சுவர் தரைக்கு 90 டிகிரியைத் தாண்டாத வரைக்கும் தீவனக் கட்டுப்பாடு, கொஞ்சம் கொஞ்சமா அரம் போடுறதுன்னு சமாளிக்க வாய்ப்பு உண்டு. தாண்டிட்டா அறுவை வரைக்கும் போகலாம். தானியம் கொடுக்கிறீங்களா?

புல்தரை:
தாய் தின்கிற தொட்டியில இதுவும் தலையை விட்டுத் தின்னுது. நாங்களும் சந்தோஷமா வேடிக்கை பார்த்தோம்.

அரமும்குறடும்:
அதை இன்னைக்கே நிறுத்துங்க. எலும்பு சடசடன்னு நீளும், நாண் கூடவே நீளாது.

புல்தரை (ஐந்து வாரம் கழித்து):
மருத்துவர் ஆரம்ப நிலைதான்னார். தானியம் நிறுத்தி, தாதுக்கலவை மட்டும் அளவா கொடுக்கிறோம். வலது நுனி தேயாம இருக்கப் பிசின் வச்சிருக்கார். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை குதியில லேசா அரம், இடதுல நீண்ட நுனியை மட்டும் சுருக்குறாங்க. லாடக்காரருக்கு முதல்ல கோபம், இப்ப அவரே தாளோட வர்றார். ஜோடி இன்னும் சேரலை. ஆனா நேத்து தாள் உள்ளே போகலை.