மறு: கலங்களை நாட்கணக்கில் பார்க்கும் நுணுக்குக்காட்டிக்கு என்ன பெயர்?

எல்லோருக்கும் வணக்கம்.

சென்னை நண்பர்கள் நுண்ணோக்கி, செல் என்கிறார்கள். நான் எங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளபடி நுணுக்குக்காட்டி, கலம் என்றே எழுதுகிறேன். அந்தச் சண்டை இந்த இழையில் வேண்டாம்.

வளரும் கலங்களை நாட்கணக்கில் படமெடுக்கும் சின்ன நுணுக்குக்காட்டிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் இங்கே கேள்வி. இதுவரை இழையில் வந்த பெயர்களில் 'குறு நுணுக்குக்காட்டி', 'மலிவு நுணுக்குக்காட்டி' இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழு 2014இல் அறிமுகப்படுத்திய ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்தை மடித்துச் செய்யும் நுணுக்குக்காட்டி. பாகங்களுக்கு ஒரு டொலர்கூட ஆகாது என்று அப்போது கணக்கிட்டார்கள். அதைவிட மலிவு ஏது? ஆனால் நாம் பேசும் கருவி அதுவல்ல. இது ஒரே இடத்தில் இருந்துகொண்டு அதே கலங்களை மணிக்கணக்கில், நாட்கணக்கில் படமெடுக்கிறது. மனிதக் கலங்களை 37 பாகை செல்சியசில், 5 சதவீதக் காபனீரொட்சைட்டோடு, ஈரம் நிறைந்த அடைகாப்புப் பெட்டிக்குள் வளர்க்கிறார்கள். பெரிய நுணுக்குக்காட்டி என்றால் அதைச் சுற்றிச் சூடான கூடு ஒன்று அமைக்க வேண்டும். அதற்குப் பதில் கருவியையே சுருக்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். சின்னதாக இருப்பது அதற்காகத்தான். (உள்ளே இருக்கும் ஈரத்தில் கமராவைக் காப்பாற்றுவது தனிப்பாடு.)

'நேரக்கழிவு நுணுக்குக்காட்டி' ஆங்கிலத்தின் 'டைம்-லாப்ஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. எங்கள் பக்கம் கழிவு என்றால் கடைக்காரர் விலையில் குறைப்பது, இல்லாவிட்டால் குப்பை.

வவுனியா அண்ணனின் 'காவல் நுணுக்குக்காட்டி' நல்ல சொல். வயற்காவலுக்குப் போனவர் விடியவிடிய டோர்ச் எரிப்பதில்லை, இடைக்கிடை அடித்துப் பார்ப்பார். இதிலும் எல்.ஈ.டி. விளக்கு படமெடுக்கும் கணத்தில் மட்டும் எரிந்தால் போதும். ஓயாமல் ஒளி பட்டால் கலங்கள் கெட்டுப்போகும். பிறகு, ஒளியால் கெட்டு, இரண்டாகப் பிரியாமல் நிற்கும் கலத்தைப் பார்த்து, அதன் இயல்பே அப்படி என்று எழுதிவைப்போம். ஆனாலும் அண்ணா, வன்னியில் காவல் என்றதும் காவலரண் அல்லவா கண்ணுக்குமுன் வருகிறது? அதைப் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'கண்காணிப்பு' அதைவிட மோசம்.

அதனால் நான் முன்வைப்பது 'தொடர் நுணுக்குக்காட்டி'. விட்டுவிட்டுப் படமெடுப்பதை எப்படித் தொடர் என்பது என்று யாழ்ப்பாணத்து அக்கா கேட்டிருந்தார். தொடர்கதையும் வாரம் ஒருமுறைதானே அக்கா வருகிறது! தொலைகாட்டி மாதிரி 'தொடர்காட்டி' என்று குறுக்கிவிட மட்டும் வேண்டாம். பின்னேரம் நாடகம் போடுகிற பெட்டி என்று நினைத்துவிடுவார்கள். எடுத்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்காட்டும்போது, அதை 'இடைவிட்ட படத்தொடர்' என்று சொல்லலாம்.

செய்முறைப் பாடத்தில் இப்படி எழுதிப் பார்த்தேன்: 'குளத்து நீரிலுள்ள வோட்டிசெல்லா இரண்டாகப் பிரிவதைத் தொடர் நுணுக்குக்காட்டியில் பதிவு செய்க.' வாசிக்க உறுத்தவில்லை. வோட்டிசெல்லா ஒரே கலத்தாலான சிற்றுயிர். முதலில் பரமீசியம் என்ற இன்னொரு ஒருகல உயிரைத்தான் போட்டேன். அது நீந்திப் பார்வைப்புலத்தை விட்டே போய்விடும். வோட்டிசெல்லா காம்பால் ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும், அடைகாப்புப் பெட்டியும் தேவையில்லை. இரணைமடுக் குளத்தில் ஒரு போத்தல் தண்ணீர், ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, அதற்கான கமரா, வில்லை, விளக்கு இருந்தால் கிளிநொச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றிலேயே தொடங்கலாம். மின்சாரம் நிற்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று பாக்கி. மேலே 'அடைகாப்புப் பெட்டி' என்று எழுதினேனே, அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. குஞ்சு பொரிக்க வைக்கும் பெட்டியைக் கோழிப்பண்ணைக்காரர் என்ன சொல்கிறார்கள் என்று முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்கள் கேட்டு எழுதுவீர்களா?